டோல்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

டோல் என்பது சாலை, பாலம், துறைமுகம் போன்றவற்றைக் கடப்பதற்குச் செலுத்தும் கட்டணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமிழில் இது சுங்கம், வழிச்சுங்கம், சுங்கக் கட்டணம் என வழங்கப்படுகிறது. மாதா கோயில் மணியை மெதுவாக, ஒரே சீராக அடிப்பதையும், விபத்திலோ போரிலோ இறந்தவர்களின் எண்ணிக்கையையும், நெடுநாள் உழைப்பு உடலில் ஏற்படுத்தும் சேதத்தையும் இதே சொல் குறிக்கிறது. இப்பொருள்கள் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை அல்ல. வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த சொற்கள் காலப்போக்கில் ஒரே எழுத்தும் ஒலியும் பெற்றன. அவற்றுள் மிகப் பழையதும் மிகுதியாக வழங்குவதும் வரியைக் குறிக்கும் சொல்லே. 'யார், எதற்காக, எவ்வளவு காலம் செலுத்த வேண்டும்?' என்ற கேள்வி அச்சொல்லின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

சொற்பிறப்பு

வரி என்ற பொருளில் டோல் பழைய ஆங்கிலத்திலேயே உள்ளது. ஜெர்மன் மொழியின் 'ட்ஸோல்', டச்சு மொழியின் 'டோல்', ஸ்வீடிஷ் மொழியின் 'டுல்' ஆகியவை இதன் உறவுச் சொற்கள். இவை பிற்கால லத்தீன் மொழியின் 'டெலோனியம்' என்ற சொல்லிலிருந்து வந்தவை என்று பெரும்பாலான அகராதிகள் கொள்கின்றன. அச்சொல்லுக்கு மூலம் கிரேக்க மொழியின் 'டெலோனியோன்'. வரி தண்டும் இடம் என்பது அதன் பொருள். வரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'டெலோஸ்'.

மணியடிப்பதைக் குறிக்கும் டோல் வேறு சொல். இடைக்கால ஆங்கிலத்தில் 'இழுத்தல், கவர்ந்திழுத்தல்' என்ற பொருளில் வழங்கிய வினைச்சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவர். மணியின் கயிற்றை இழுக்கும் செயலின் பெயர், பின்னர் அதனால் எழும் ஓசைக்கும் ஆகிவந்தது.

சட்ட வழக்கில் மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு. வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்பு ஓடாமல் நிறுத்தி வைக்கப்படுவதை, குறிப்பாக அமெரிக்க நீதிமன்றங்களில், டோல் என்ற வினையால் குறிப்பர். இது 'தூக்கு, அகற்று' எனப் பொருள்படும் 'டோலெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வரிக்கும் மணிக்கும் இதனோடு தொடர்பில்லை.

இடைக்கால இங்கிலாந்தில் டோல்

நார்மன் படையெடுப்புக்கு முன்பிருந்தே இங்கிலாந்து அரசர்கள் நிலக்கிழார்களுக்கும் மடங்களுக்கும் வழங்கிய உரிமைப் பட்டயங்களில் டோல் என்ற சொல் வருகிறது. தம் எல்லைக்குள் நடக்கும் விற்பனையில் வரி தண்டும் உரிமையை அது குறித்தது. சாலைச் சுங்கத்தைவிடச் சந்தைச் சுங்கமே அக்காலத்தில் முதன்மையானது. மாடு, குதிரை, தானியம் ஆகியவற்றை விற்பவரோ வாங்குபவரோ சந்தையின் உரிமையாளருக்கு ஒரு தொகை செலுத்தினர். அதற்கு ஈடாக விற்பனைக்குச் சாட்சியும் பாதுகாப்பும் கிடைத்தன. 1555ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சந்தையில் விற்கப்படும் குதிரைகளின் விவரத்தைச் சுங்கக் கணக்கேட்டில் பதியவேண்டும் என விதித்தது. திருட்டுக் குதிரைகளைக் கண்டுபிடிக்க அந்த ஏடு உதவியது.

மாவாலைகளிலும் டோல் உண்டு. ஊரார் தம் தானியத்தை நிலக்கிழாரின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் பல ஊர்களில் இருந்தது. ஆலைக்காரர் காசு வாங்காமல் தானியத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். அப்பங்கின் பெயரும் டோல்தான். அளவுக்கு மேல் எடுக்கும் ஆலைக்காரர் மக்களின் கேலிக்கு ஆளானார். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெஃப்ரி சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலில் வரும் ஆலைக்காரர், ஒருமுறை எடுக்கவேண்டிய பங்கை மூன்றுமுறை எடுப்பவராகக் காட்டப்படுகிறார்.

பாலம் கட்டவும், நகர மதிலைப் பழுதுபார்க்கவும், தெருவுக்குக் கல் பாவவும் தனித்தனிச் சுங்கங்கள் தண்டப்பட்டன. இவற்றுக்கு அரசர் அளித்த அனுமதி பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. வேலை முடிந்தால் வரியும் முடியவேண்டும் என்பதே இதன் அடிப்படை.

சுங்கக் கொட்டகை

சுங்கம் தண்டும் இடத்தைக் குறிக்க 'டோல்பூத்' என்ற சொல் தோன்றியது. 14ஆம் நூற்றாண்டில் ஜான் விக்ளிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், இயேசு அழைத்தபோது மத்தேயு அமர்ந்திருந்த இடம் இச்சொல்லால் குறிக்கப்படுகிறது. தமிழ் விவிலியத்தில் அதே இடம் 'ஆயத்துறை' என்றும், வரி தண்டுபவர் 'ஆயக்காரர்' என்றும் வழங்கப்படுகின்றனர். ஆயம் என்பது வருவாயையும் சுங்கத்தையும் குறிக்கும் பழைய சொல்.

ஸ்காட்லாந்து நகரங்களில் சுங்கக் கொட்டகையே நகர மன்றமாகவும் நீதிமன்றமாகவும் சிறையாகவும் வளர்ந்தது. எடின்பரோ நகரின் பழைய டோல்பூத் பல நூற்றாண்டுகள் சிறையாக விளங்கி, 1817இல் இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான வால்டர் ஸ்காட்டின் 'தி ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்' என்ற நாவலின் தலைப்பு அச்சிறைக்கு வழங்கிய பட்டப்பெயராகும்.

டர்ன்பைக் சாலைகள்

இங்கிலாந்தில் சாலைகளைப் பராமரிக்கும் பொறுப்பு முன்பு அவ்வவ்வூர் மக்களிடம் இருந்தது. ஊரார் ஆண்டுதோறும் சில நாட்கள் ஊதியமின்றிச் சாலையில் வேலை செய்தனர். லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் கனமான சரக்கு வண்டிகள் மிகுந்தபோது, தாங்கள் பயன்படுத்தாத போக்குவரத்துக்காகத் தாங்கள் உழைக்க நேர்வதாக வழியோர ஊர்கள் முறையிட்டன. இதன் விளைவாக 1663இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் உள்ளிட்ட மூன்று கவுண்டிகளில் அச்சாலையில் சுங்கம் தண்ட அனுமதித்தது. சாலையைத் தேய்ப்பவரே செலவையும் ஏற்கட்டும் என்பது இதன் நியாயம்.

18ஆம் நூற்றாண்டில் இம்முறை 'டர்ன்பைக் டிரஸ்ட்' என்ற அமைப்பாக வளர்ந்தது. சாலையின் குறுக்கே வைக்கப்பட்ட சுழல் தடுப்பின் பெயர் டர்ன்பைக். உள்ளூர் நிலவுடைமையாளர்களும் வணிகர்களும் குழுவாகச் சேர்ந்து, தனிச் சட்டம் ஒன்றின் மூலம் சாலையின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்றனர். எதிர்காலச் சுங்க வருவாயை ஈடாகக் காட்டிக் கடன் பெற்றுச் சாலையைச் செப்பனிட்டனர். ஒவ்வொரு சட்டமும் வழக்கமாக 21 ஆண்டுகளுக்கு உரியது. அதற்குள் கடன் அடைந்து சாலை கட்டணமின்றித் திறக்கப்படும் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் கடன் அடையவில்லை. சட்டங்கள் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டன. 1825 அளவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,000 டிரஸ்ட்கள் ஏறத்தாழ 18,000 மைல் சாலையைத் தம் பொறுப்பில் வைத்திருந்தன.

இம்முறையால் கிடைத்த பயனும் பெரிது. 1784இல் பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கிய அஞ்சல் வண்டி அத்தூரத்தைச் சுமார் 16 மணி நேரத்தில் கடந்தது. 1816இல் பிரிஸ்டல் டிரஸ்டின் பொறுப்பேற்ற ஜான் லௌடன் மெக்காடம், சிறு கற்களை அடுக்கடுக்காக இறுக்கிச் சாலை போடும் முறையைப் பரவலாக்கினார். 'மெக்காடம் சாலை' என்ற பெயர் அவரால் வந்தது.

எல்லோரும் சுங்கம் செலுத்தவில்லை. நடந்து செல்பவர்கள், படைவீரர்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் செல்பவர்கள், தம் பங்கில் நடக்கும் இறுதிச் சடங்குக்குச் செல்பவர்கள் ஆகியோருக்கு விலக்கு இருந்தது. அஞ்சல் வண்டியும் சுங்கம் செலுத்துவதில்லை. வண்டியின் காவலர் தொலைவிலேயே கொம்பு ஊதுவார். அதைக் கேட்டு வாயில்காப்பவர் தடுப்பைத் திறந்து வைக்கவேண்டும்.

எதிர்ப்பு தொடக்கம் முதலே இருந்தது. பிரிஸ்டல் பகுதியில் 1749இலும் லீட்ஸ் பகுதியில் 1753இலும் சுங்க வாயில்கள் உடைக்கப்பட்டன. வாயிலை இடிப்பது அந்நூற்றாண்டில் மரண தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கப்பட்டது.

ரெபெக்கா கலகம்

சுங்கத்துக்கு எதிரான போராட்டங்களுள் மிகவும் அறியப்பட்டது, 1839 முதல் 1843 வரை தென்மேற்கு வேல்ஸில் நடந்த ரெபெக்கா கலகம். அப்பகுதியின் மண் அமிலத்தன்மை மிகுந்தது. அதைப் பண்படுத்த உழவர்கள் சூளைகளிலிருந்து சுண்ணாம்பை வண்டியில் கொண்டுவந்து வயலில் இட்டனர். ஒரே பயணத்தில் பல டிரஸ்ட்களின் வாயில்களைக் கடக்க வேண்டியிருந்ததால், சுண்ணாம்பின் விலையைவிட வழிச்சுங்கம் அதிகமாகும் நிலையும் ஏற்பட்டது. மழையால் கெட்ட அறுவடை, தேவாலயத்துக்குச் செலுத்தும் தசமபாகம், புதிய ஏழையர் சட்டம் ஆகியவை உழவர்களை ஏற்கெனவே வாட்டிக்கொண்டிருந்தன. ஆனால் கண்ணுக்கெதிரே நின்று காசு கேட்டது சுங்க வாயில்தான்.

டிரஸ்ட்கள் சுங்கம் தண்டும் உரிமையைக் குத்தகைக்கு விட்டன. தாமஸ் புல்லின் என்ற குத்தகைதாரர் விட்லண்ட் டிரஸ்டின் சுங்கத்தை எடுத்தபின், சுண்ணாம்பு வண்டிகள் பழைய வாயில்களைச் சுற்றிச் செல்லாதபடி புதிய வாயில்கள் வைக்கப்பட்டன. அவற்றுள் எவைல்வென் என்ற ஊரின் வாயிலை 1839 மே மாதம் ஒரு கூட்டம் இரவில் வந்து தகர்த்தது. மீண்டும் எழுப்பப்பட்ட வாயில் சில வாரங்களில் மீண்டும் தகர்க்கப்பட்டது.

கலகக்காரர்கள் முகத்தில் கரி பூசி, பெண்கள் உடை அணிந்து வந்தனர். தலைவர் 'ரெபெக்கா' எனவும், மற்றவர்கள் அவருடைய மகள்கள் எனவும் அழைக்கப்பட்டனர். விவிலியத்தின் ஆதியாகமத்தில், ரெபெக்காளின் சந்ததியார் தம் பகைவரின் வாசல்களைக் கைப்பற்றுவார்கள் என்று வரும் வாழ்த்திலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது என்பர். தாக்குதல் பெரும்பாலும் ஒரு சிறு நாடகத்தோடு தொடங்கியது. கண் தெரியாத கிழவியாக நடிக்கும் ரெபெக்கா தடுப்பின்மேல் முட்டிக்கொண்டு, வழியில் ஏதோ மறிக்கிறதே என்பார். மகள்கள் கோடரியோடு முன்வந்து அதை அகற்றுவார்கள்.

1842இலும் 1843இலும் கலகம் பரவியது. லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் தாமஸ் கேம்பல் ஃபாஸ்டர் என்ற செய்தியாளரை அனுப்பியது. அவர் உழவர்களின் குறைகளை நேரில் கேட்டு எழுதியதால் நாடு முழுவதும் அவர்கள் நிலையை அறிந்தது. 1843 செப்டம்பரில் ஹெண்டி என்ற இடத்து வாயில் தாக்கப்பட்டபோது, அதைக் காத்துவந்த சாரா வில்லியம்ஸ் என்ற முதிய பெண் சுடப்பட்டு இறந்தார். வாயில்காப்பவர்களும் ஏழைகளே. குத்தகைதாரர்மீது எழுந்த கோபம் அவர்கள்மீது விழுந்தது. அதே மாதத்தில் நடந்த மற்றொரு தாக்குதலில் பிடிபட்ட ஜான் ஹியூஸ் என்ற இளைஞருக்கு, 20 ஆண்டுகள் கடல்கடந்து நாடு கடத்தப்படும் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அது உழவர்களின் குறைகள் பலவற்றை ஏற்றுக்கொண்டது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் தென் வேல்ஸின் டிரஸ்ட்களை ஒன்றிணைத்து, கவுண்டிதோறும் சாலை வாரியங்களின்கீழ் கொண்டுவந்தது. சுண்ணாம்பு வண்டிகளின் சுங்கம் பாதியாகக் குறைக்கப்பட்டது.

சுங்க வாயில்களின் மறைவு

டர்ன்பைக் முறையை இறுதியில் வீழ்த்தியது ரயில். 1830இல் லிவர்பூல்–மான்செஸ்டர் இருப்புப் பாதையும் 1838இல் லண்டன்–பர்மிங்காம் பாதையும் திறக்கப்பட்டபின், நெடுந்தூர வண்டிகள் சாலையை விட்டு நீங்கின. சுங்க வருவாய் சரிந்தது, கடன் மிஞ்சியது. நாடாளுமன்றம் டிரஸ்ட்களை ஒவ்வொன்றாகக் கலைத்தது. லண்டனில் 1817 முதல் கட்டணம் வாங்கிவந்த வாட்டர்லூ பாலம் பொதுப் பணத்தால் வாங்கப்பட்டு 1878இல் இலவசமாக்கப்பட்டது. கடைசி டிரஸ்ட் 1895இல் வேல்ஸின் ஆங்கில்சி தீவில் முடிவுக்கு வந்தது. சாலைச் செலவு பொது வரியிலிருந்து செய்யப்படும் கடமையாக மாறியது.

தமிழகத்தில் சுங்கம்

ஆங்கிலேயர் வருகைக்கு வெகு காலம் முன்பே தமிழகத்தில் சுங்கம் இருந்தது. பழைய தமிழில் அதன் பெயர் 'உல்கு'. காவிரிப்பூம்பட்டினத்தில் சோழரின் அலுவலர்கள் சரக்குகளுக்குப் புலி முத்திரையிட்டு உல்கு தண்டியதைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரம் அரசனின் வருவாய்களுள் உல்குபொருளையும் சேர்க்கிறது. முதலாம் குலோத்துங்க சோழன் (1070–1120) 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர்பெற்றான். சுங்கத்தை நீக்கியது ஓர் அரசனின் பட்டப்பெயராக நிலைத்ததிலிருந்து, அது மக்கள்மீது எவ்வளவு பாரமாக இருந்தது என்பதை உணரலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்தின்மீது வழிநெடுகச் சுங்கம் தண்டப்பட்டது. வங்காளத்தில் நிலவிய இந்த முறையைக் கடுமையாகச் சாடி சார்லஸ் டிரெவெல்யன் 1834இல் அறிக்கை எழுதினார். வங்காளத்தில் 1836இலும் பம்பாயில் 1838இலும் சென்னை மாகாணத்தில் 1844இலும் உள்நாட்டுச் சுங்கம் நீக்கப்பட்டது. ஆனால் அரசு அமைக்கும் சாலைகளிலும் பாலங்களிலும் கட்டணம் தண்ட 1851ஆம் ஆண்டு இந்தியச் சுங்கச் சட்டம் வழிசெய்தது.

அக்காலத்துச் சுங்க வாயில்களின் தடம் இன்றும் ஊர்ப் பெயர்களில் உள்ளது. திருச்சிக்கு வடக்கே கொள்ளிடத்தைக் கடந்தால் 'நம்பர் 1 டோல்கேட்'. கோயம்புத்தூரில் 'சுங்கம்'. வடசென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள 'டோல்கேட்' 2021 முதல் மெட்ரோ நிலையத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. தடுப்பும் காசும் மறைந்தபின் பெயர் மட்டும் பேருந்து நிறுத்தமாகத் தங்கியிருக்கிறது.

சுங்கச்சாவடி 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்குத் திரும்பியது. தேசிய நெடுஞ்சாலைகளில் தனியார் முதலீட்டுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி திறந்தது. 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகள், ஒரே சாலையில் இரண்டு சாவடிகளுக்கு இடையே பொதுவாக 60 கிலோமீட்டர் தொலைவு இருக்கவேண்டும் என்றன. முதலீடு மீண்டபின் கட்டணம் 40 சதவீதமாகக் குறையவேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தக் குறைப்பை நீக்கியது. டர்ன்பைக் சட்டங்களின் 21 ஆண்டுக் கெடுவுக்கு நேர்ந்ததோடு இது ஒப்பிடத்தக்கது. ஆம்புலன்சுக்கும் அமரர் ஊர்திக்கும் இங்கும் விலக்கு உண்டு. 2021 பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து 'ஃபாஸ்டேக்' கட்டாயமாக்கப்பட்டபின், கண்ணாடியில் ஒட்டிய வில்லை வழியாகக் கட்டணம் கழிக்கப்படுகிறது.

தொலைபேசியில் டோல்

சாலைக்கு உரிய சொல் கம்பிவழிப் பேச்சுக்கும் சென்றது. அமெரிக்காவில் கூடுதல் கட்டணம் கொண்ட வெளியூர் அழைப்பு 'டோல் கால்' எனப்பட்டது. இந்தியாவில் அதற்கு வழங்கிய பெயர் 'டிரங்க் கால்'. அழைப்பவருக்குப் பதிலாக அழைக்கப்படும் நிறுவனமே கட்டணம் ஏற்கும் 800 எண் சேவையை ஏடி அண்ட் டி நிறுவனம் 1967இல் தொடங்கியது. அதுவே 'டோல் ஃப்ரீ'. இந்தியாவில் இத்தகைய எண்கள் 1800 என்று தொடங்குகின்றன.

மணியோசை

இங்கிலாந்தில் ஒருவர் இறக்கும் தறுவாயிலும் இறந்த பின்னும் தேவாலய மணியை மெதுவாக அடிப்பது வழக்கமாக இருந்தது. இடைவெளிவிட்டு விழும் அந்த ஓசையே டோல். பல ஊர்களில் ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஆறு என முதலில் அடித்து, பின்னர் இறந்தவரின் வயதை எண்ணி அடித்தனர். வயலில் நிற்பவர் எண்ணிக்கையைக் கேட்டே யார் இறந்தார் என ஊகிக்க முடிந்தது. ஜான் டன் 1624இல் வெளியிட்ட உரைநடைத் தியானங்களில் இம்மணி இடம்பெறுகிறது. அதிலிருந்து தலைப்பை எடுத்து எர்னஸ்ட் ஹெமிங்வே, ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றிய தம் நாவலை 1940இல் வெளியிட்டார். தமிழில் 'சாவுமணி' என்ற சொல் இதே வழக்கத்தைச் சுட்டுகிறது.

உயிர்களின் கணக்கு

இறந்தவர் எண்ணிக்கையைக் குறிக்கும் 'டெத் டோல்' என்ற தொடர் சாவுமணியிலிருந்து வந்தது எனப் பலர் எண்ணுவர். அகராதிகள் அதை வரியைக் குறிக்கும் சொல்லின்கீழ் வைக்கின்றன. வெள்ளமோ போரோ தன் பங்காக மனித உயிர்களை வசூலிக்கிறது என்பதே உருவகம். நோயும் கவலையும் உடலிலிருந்து 'டோல் எடுக்கின்றன' என்பதும் அவ்வாறே.

தமிழ் நாளிதழ்கள் இதைப் 'பலி எண்ணிக்கை' என்கின்றன. பலி என்பதை நாம் தெய்வத்துக்குக் கொடுக்கும் படையலாகவே அறிவோம். ஆனால் அதன் மூலமான 'பலி' என்ற வடசொல் பண்டைய இந்தியாவில் அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறித்தது. புத்தர் பிறந்த லும்பினி என்பதால் அவ்வூருக்குப் பலி வரியை நீக்கியதாக அசோகரின் தூண் கல்வெட்டு கூறுகிறது. எனவே ஆங்கிலத் தொடரும் தமிழ்த் தொடரும் தனித்தனி வழியில் வந்திருந்தாலும், இரண்டின் அடியிலும் வரி என்ற ஒரே கருத்து உள்ளது. பாலத்தில் செலுத்தும் டோலுக்குக் கடக்கும் உரிமை கிடைக்கிறது. இந்த வரிக்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை.

தமிழில் ஏற்ற சொற்கள்

டோல் என்பதை எல்லா இடத்திலும் சுங்கம் என்று பெயர்க்க முடியாது. இடத்துக்கு ஏற்ப வழங்கும் சொற்கள் வருமாறு:

- சாலை, பாலம்: சுங்கம், சுங்கக் கட்டணம், பேச்சு வழக்கில் 'டோல்'
- கட்டணம் தண்டும் இடம்: சுங்கச்சாவடி, டோல்கேட்
- தொலைபேசி: கட்டணமில்லா எண்
- மணி: சாவுமணி, துக்கமணி அடித்தல்
- விபத்து, போர், பேரிடர்: பலி எண்ணிக்கை, உயிரிழப்பு
- உடல், மனம்: பாதிப்பு, சேதம்
- சட்டம்: கால வரம்பை நிறுத்தி வைத்தல்

வெளிநாட்டுச் சரக்கின்மீது விதிக்கும் கஸ்டம்ஸ் வரியும் தமிழில் சுங்கம் என்றே வழங்குவதால், சாலைக் கட்டணத்தைக் குறிக்கும்போது 'சாலைச் சுங்கம்' அல்லது 'வழிச்சுங்கம்' என்று எழுதினால் குழப்பம் நேராது.